பாட்டியின் பாதி முகம்: பழைய கல்யாண போட்டோவை எப்படிப் பாதுகாப்பது?

என் பாட்டி பாடகி. அதனால் வீட்டில் எந்தப் பழைய படத்தைத் திருப்பினாலும் பாட்டி பெயர்தான் எழுதியிருக்கும். பெரியம்மாவின் கல்யாண நாள் படத்தின் பின்னால்கூட ‘பாடகியின் மகள்’ என்று மட்டும்தான் இருந்தது. உங்களிடமும் இப்படி ஒரு கறுப்பு வெள்ளைப் படம் இருந்தால், நான் கற்றுக்கொண்டதைச் சொல்கிறேன்.

பிரேமிலிருந்து எடுக்க அவசரப்படாதீர்கள். ஈரம் பட்டால் படத்தின் மேலிருக்கும் ஜெலட்டின் என்ற மெல்லிய படலம் இளகிக் கண்ணாடியில் ஒட்டிக்கொள்ளும். இழுத்தால் முகம் கண்ணாடியோடு வந்துவிடும். அப்படி இழுத்து வேறொரு படத்தை இழந்துவிட்டேன், இன்னும் மனசு ஆறவில்லை. ஒட்டியிருந்தால் கண்ணாடியோடு அப்படியே படம் பிடித்து வைத்துவிட்டு, பழைய படங்களைச் சீர்செய்யத் தெரிந்தவரிடம் கொடுங்கள்.

பெரியம்மாவின் படம் ஒட்டவில்லை. பின்பலகையைக் கழற்றி, படத்தின் மேல் கை படாமல் ஓரத்தை மட்டும் பிடித்து எடுத்தேன். பிரேமுக்குள் இருந்த அட்டை ஒரு விரல் அகலத்துக்குப் படத்தை மறைத்திருந்தது. அந்த ஓரத்தில் பாட்டியின் பாதி முகம்! மகளையே பார்த்துக்கொண்டிருக்கிறார். இத்தனை வருஷமாக இதை யாருமே பார்க்கவில்லை. அதனால்தான் சொல்கிறேன், ஸ்கேன் செய்யும்போது எதையும் வெட்டாதீர்கள். வெள்ளை விளிம்பு, பின்பக்கம், ஸ்டுடியோ முத்திரை எல்லாம் வரட்டும்.

அசல் பிரிண்ட்தானா என்று பூதக்கண்ணாடி வைத்துப் பாருங்கள். வரிசையாகப் புள்ளிகள் தெரிந்தால் அது பத்திரிகையில் அச்சான படம். பிரபலமானவர்கள் வீட்டில் அப்படி வெட்டியெடுத்து பிரேம் போட்டதும் இருக்கும். புற ஊதா டார்ச் அடித்தால் தாள் நீலமாகப் பளிச்சிடுகிறதா? அப்படியென்றால் பெரும்பாலும் 1950களுக்குப் பிந்தைய தாள். இருண்ட பகுதிகளில் கண்ணாடி போல மினுங்குவது படத்திலிருக்கும் வெள்ளிதான். அதைத் துடைக்கவே கூடாது.

ஸ்கேன் 600 டிபிஐயில் (அங்குலத்துக்கு 600 புள்ளிகள்), தரம் குறையாமல் சேமிக்கும் டிஃப் (TIFF) கோப்பாக. 4×6 அங்குலப் படம் 2400×3600 பிக்சல் வரும், பெரிதாக்கிப் பார்க்கப் போதும். கறுப்பு வெள்ளைதானே என்று நினைக்காமல் கலரிலேயே செய்யுங்கள், பழுப்பேறிய விதமும் பதிவாகட்டும். மடிப்பு, கறை நீக்குவதெல்லாம் இன்னொரு பிரதியில்தான்.

அசலைப் பாலியெஸ்டர் என்ற பிளாஸ்டிக்கால் ஆன உறையில் போட்டு, வெயிலும் ஈரமும் இல்லாத இடத்தில் வையுங்கள். பிவிசி (PVC) பிளாஸ்டிக் உறையும் பசைத்தாள் ஆல்பமும் வேண்டவே வேண்டாம். சுவரில் பிரதி தொங்கட்டும்.

அப்புறம், நான் மிக முக்கியமாக நினைப்பது: படத்தில் இருப்பவரிடமே காட்டுங்கள். கணினித் திரையில் பாட்டியின் முகத்தைப் பெரிதாக்கிப் பெரியம்மாவிடம் காட்டினேன், பக்கத்தில் போனில் குரல் பதிவாகிக்கொண்டிருந்தது. வெகுநேரம் பேசாமல் பார்த்தார். “எல்லாரும் பாடச் சொன்னாங்க. அம்மா அன்னைக்குப் பாடவே இல்லை. என்னைப் பாத்துப் பாத்து அழுதுக்கிட்டே இருந்தா” என்றார்.

பின்பக்கத்தில் எழுத மென்மையான பென்சில்தான் நல்லது. பேனா அழுத்தினால் முன்பக்கம் தடம் விழும். பழைய எழுத்தை நான் அழிக்கவில்லை. அதற்கு மேலே, படத்தின் முகங்கள் இல்லாத ஓரமாகப் பார்த்து, பெரியம்மாவின் முழுப் பெயரையும் கல்யாணத் தேதியையும் எழுதினேன். அதன் கீழே: ‘இடது ஓரத்தில், அம்மா.’