லயன்ஸ் அணியைத் தேர்ந்தெடுத்து வாதிட: பெயருக்கு முன் இடத்தை எண்ணுங்கள்

இங்கிலாந்து, அயர்லாந்து, ஸ்காட்லாந்து, வேல்ஸ் வீரர்கள் சேர்ந்த ரக்பி அணியான பிரிட்டிஷ் அண்டு ஐரிஷ் லயன்ஸ் நான்கு ஆண்டுக்கு ஒருமுறை சுற்றுப்பயணம் கிளம்பும். பயிற்சியாளர் அணியை அறிவிப்பதற்குப் பல மாதம் முன்பே ரக்பி ரசிகர்கள் ஆளுக்கொரு பட்டியல் போட்டுவிடுவார்கள். பெரும்பாலான பட்டியல்களில் பிழை முதல் வரியிலேயே தொடங்குகிறது: பிடித்த 15 பேர், அடுத்து இன்னொரு 15 பேர், மிச்ச இடத்துக்கு எங்கும் ஆடக்கூடியவர்கள். பார்க்க அழகாக இருக்கும். மூன்றாவது வாரம் இரண்டு பேருக்கு அடிபட்டதும், இரு அணியிலும் எட்டு எட்டுப் பேர் தோள் கோத்துத் தள்ளும் ஸ்க்ரம்முக்கு ஆள் இருக்காது.

முதலில் ஆட்ட அட்டவணையை எடுங்கள். 2025 ஆஸ்திரேலியப் பயணத்தில் 10 ஆட்டங்கள். ஜூன் 20 டப்ளினில் அர்ஜென்டினாவுக்கு எதிராகத் தொடங்கி ஆகஸ்ட் 2 சிட்னியில் முடிந்தது. கடைசி மூன்று சனிக்கிழமைகளும் டெஸ்ட், அதாவது ஆஸ்திரேலிய தேசிய அணியோடு. ஓர் ஆட்டத்துக்கு 23 பேர் என்றால் மொத்தம் 230 சட்டைகள். பயிற்சியாளர் ஆண்டி ஃபாரல் முதலில் அறிவித்தது 38 பேர். ஆக, ஆளுக்குச் சராசரியாக ஆறு முறை சட்டை மாட்ட வேண்டும். அதே வாரத்தில் வார நடுவே நடு ஆட்டம் ஒன்று, டெஸ்ட் ஒன்று என்று வரும்போது ஒருவரே இரண்டிலும் இறங்க முடியாது; முன்வரிசையில்தான் (இரண்டு பிராப், நடுவில் ஹூக்கர்) சில சமயம் வேறு வழியே இருக்காது. இந்தக் கணக்கைத் தாளில் போட்டுவிட்டால் பாதி வாதம் தானாக அடங்கும்.

அடுத்து பெயரில்லாமல் கட்டங்களை வரையுங்கள். ஃபாரலின் 38-ஐயே மாதிரியாக எடுத்துக்கொள்ளலாம்: பிராப் 6, ஹூக்கர் 3, லாக் (இரண்டாம் வரிசை) 6, பின்வரிசை (ஃபிளாங்கரும் 8-ஆம் எண்ணும்) 6, ஆக ஸ்க்ரம்மில் தள்ளும் ஃபார்வர்டுகள் 21. ஸ்க்ரம்-ஹாஃப் (ஸ்க்ரம்மிலிருந்து பந்தை எடுத்துக் கொடுப்பவர்) 3, ஃப்ளை-ஹாஃப் (அதை வாங்கி ஆட்டத்தை நடத்துபவர்) 3, சென்டர் 4, ஓரத்தில் ஓடும் விங்கரும் கடைசிக் காப்பான ஃபுல்-பேக்கும் சேர்த்து 7, ஆக பின்னால் நிற்கும் பேக்ஸ் 17. இதை மாற்றக்கூடாது என்றில்லை. ஒரு கட்டத்தைக் கூட்டினால் எதைக் குறைத்தீர்கள் என்று அருகிலேயே எழுதுங்கள்.

முன்வரிசையில்தான் அதிக நேரம் செலவிட வேண்டும். 23 பேர் கொண்ட அணியில் முன்வரிசை ஆடத் தகுதியுள்ளவர் ஆறு பேராவது இருக்க வேண்டும் என்பது விதி. இடப்பக்க பிராப்பையும் வலப்பக்க பிராப்பையும் மாற்றி மாற்றிப் போட முடியாது. 3-ஆம் எண் டைட்-ஹெட், எதிரணி ஹூக்கருக்கும் இடப்பக்க பிராப்புக்கும் நடுவே தலையை நுழைக்கிறார். இரண்டு தோளிலும் பாரம் விழும். 1-ஆம் எண் லூஸ்-ஹெட்டுக்கு ஒரு தோள் வெளியே இருக்கிறது. உடல் நிற்கும் கோணம் வேறு, தள்ளும் திசை வேறு. இரண்டு பக்கமும் உயர்மட்டத்தில் ஆடக்கூடியவர் அபூர்வம். ஆகவே ஆறு பிராப் என்றால் பக்கத்துக்கு மூன்று. ஓர் ஆட்டத்துக்குப் பக்கத்துக்கு இரண்டு பேர் தேவை. ஒருவர் அடிபட்டால் மீதி இருவரும் எல்லா ஆட்டத்துக்கும் வர வேண்டியதாகிவிடும். 2025-இல் ஸ்காட்லாந்தின் ஸாண்டர் ஃபாகர்சன் கிளம்புவதற்கு முன்பே விலக, அயர்லாந்தின் ஃபின்லே பீலம் அதே வலப்பக்க இடத்துக்கு வந்ததைக் கவனியுங்கள். அந்த இடத்தை வேறொரு நிலைக்காரருக்குக் கொடுக்க வழியே இல்லை.

2019 உலகக்கோப்பை இறுதியாட்டத்தில் இங்கிலாந்தின் டைட்-ஹெட் கைல் சிங்க்ளர் தொடக்க நிமிடங்களிலேயே தலையில் அடிபட்டு வெளியேறினார். மாற்று வீரர் டான் கோல் ஏறக்குறைய முழு ஆட்டமும் தாங்க வேண்டியிருந்தது. தென்னாப்பிரிக்க ஸ்க்ரம் தன் அணிக்குப் பெனால்டி மேல் பெனால்டி வாங்கிக்கொடுத்தது, முடிவு 32-12. ஒரு பிராப்பை எடை போடும்போது "இவர் 70 நிமிடம் தாங்குவாரா?" என்று கேட்பது இதனால்தான். "20 நிமிடத்துக்கு அருமையான ஆள்" என்பது பாதி பதில்.

பருமனை மட்டும் பார்த்தும் ஏமாறாதீர்கள். 1997-இல் தென்னாப்பிரிக்கா போன லயன்ஸ் டெஸ்டுக்கு டாம் ஸ்மித்தையும் பால் வாலஸையும் எடுத்தது. இருவரும் அன்றைய பிராப்களில் குள்ளமானவர்கள். எதிரணியின் பெரிய உடல்களுக்குக் கீழே புகுந்து தள்ளுவதே திட்டம். தொடரை 2-1 என்று வென்றார்கள். எதிரணி யார் என்று எழுதாமல் பிராப்பைத் தேர்ந்தெடுக்க முடியாது.

ஹூக்கரில் சூதாடுவதும் உண்டு. 2023 உலகக்கோப்பையில் மால்கம் மார்க்ஸுக்கு அடிபட்டபோது, தென்னாப்பிரிக்கா இன்னொரு ஹூக்கரை அழைக்காமல் ஃப்ளை-ஹாஃப் ஹாண்ட்ரே போலார்டை அழைத்தது. இறுதியாட்டத்தின் தொடக்கத்திலேயே போங்கி எம்போனாம்பி வெளியேற, ஃபிளாங்கராகவும் ஆடும் டியான் ஃபூரி ஏறக்குறைய முழு ஆட்டமும் ஹூக்கராக நின்றார். கோட்டுக்கு வெளியே போன பந்தை ஹூக்கர் எறிந்து தொடங்கும் லைன்-அவுட் தடுமாறியது. ஆனால் 12-11 என்ற வெற்றியில் அந்த 12 புள்ளியும் போலார்டின் உதைகள். இதைச் சாதகமாகக் காட்டுபவரிடம் ஒன்று கேளுங்கள்: உங்கள் பட்டியலில் ஃபூரி யார்? அந்த இடத்தில் உயர்மட்டத்தில் பந்தெறிந்த அனுபவம் உள்ள ஒருவரைச் சொல்ல முடியாவிட்டால் அந்தச் சூதாட்டம் அவருக்குக் கிடையாது.

ஸ்க்ரம்-ஹாஃப் இரண்டு போதும் என்று யாராவது சொல்வார்கள். 2019-இல் இங்கிலாந்து 31 பேரில் இருவரைத்தான் கொண்டுபோனது. அரையிறுதியில் வில்லி ஹைன்ஸ் அடிபட, பென் ஸ்பென்சர் விமானமேறி வந்து சில நாளில் இறுதியாட்ட பெஞ்சில் உட்கார்ந்தார். ஃப்ளை-ஹாஃபும் அப்படித்தான். 2011 உலகக்கோப்பையில் நியூசிலாந்து டான் கார்ட்டர், காலின் ஸ்லேட், ஆரன் க்ரூடன் மூவரையும் இழந்தது. கடைசியில் கோப்பையை வென்றுகொடுத்த பெனால்டியை உதைத்தவர் நடுவில் அழைக்கப்பட்ட ஸ்டீபன் டொனால்ட், முடிவு 8-7.

கோல் உதைப்பவரை ஒரு தனிக் கட்டமாகவே வையுங்கள். 1997-இன் இரண்டாம் டெஸ்டில் தென்னாப்பிரிக்கா மூன்று டிரை (எதிரணிக் கோட்டுக்கு அப்பால் பந்தை ஊன்றுவது) அடித்தும் தோற்றது. ஃப்ளை-ஹாஃபான நீல் ஜென்கின்ஸை ஃபுல்-பேக்காக நிறுத்தியிருந்தார்கள். அவர் ஐந்து பெனால்டி, ஜெரமி கஸ்காட் ஒரு டிராப் கோல் (ஆட்டத்தின் நடுவே பந்தைத் தரையில் விட்டு உதைப்பது), 18-15.

பல இடத்தில் ஆடுபவரை எண்ணும்போது ஓர் ஒழுங்கு வேண்டும். கடந்த ஒன்றரை ஆண்டுக்குள் அந்த இடத்தில் பெரிய ஆட்டத்தைத் தொடங்கியிருந்தால்தான் அவரை அங்கே மாற்று ஆளாகக் கணக்கில் சேருங்கள். இன்னொன்று, இரண்டு இடத்துக்கும் ஒரே நாளில் ஆள் தேவைப்பட்டால் அவர் ஒருவர்தான். ஃபுல்-பேக், விங், சென்டர் மூன்றும் ஆடும் எலியட் டேலி 2025-இல் கையுடைந்து வீடு திரும்பியபோது ஒரே அடியில் மூன்று கட்டத்தின் காப்பு போனது. லாக்கும் 6-ஆம் எண் ஃபிளாங்கரும் ஆடும் டாக் பெர்ன் போன்றவர் வேறு கணக்கு. லைன்-அவுட்டில் கூடுதலாக ஓர் உயரமான ஆள் கிடைக்கிறார். பிரிஸ்பேன் டெஸ்டில் அவர் 6-இல்தான் தொடங்கினார்.

இனி பெயர்கள். மூன்று நான்கு பேர் சேர்ந்து வாதிடுவதானால் ஆளுக்கொரு பட்டியலைத் தனியாக எழுதி, எல்லோரிடமும் உள்ள பெயர்களை முதலில் ஒதுக்கிவிடுங்கள். பாதிக்கு மேல் அப்படியே போய்விடும். மிச்சத்தை முன்வரிசை, ஹாஃப்-பேக் (ஸ்க்ரம்-ஹாஃபும் ஃப்ளை-ஹாஃபும்), லாக், பின்வரிசை, சென்டர் என்ற வரிசையில் எடுங்கள். விங்கர் கடைசி. விங்கரைப் பற்றிப் பேசுவதுதான் சுகம். டெஸ்ட் முடிவை அது மாற்றுவது குறைவு. ஒருவரை உள்ளே கொண்டுவருபவர் யாரை வெளியே அனுப்புகிறார் என்று அதே மூச்சில் சொல்ல வேண்டும். சொல்லாத பெயருக்குப் பேச்சு நேரம் கிடையாது.

எண்களைக் காட்டி வந்தால் நிதானியுங்கள். பந்து கிடைக்காத அணியின் ஃபிளாங்கருக்கு டாக்கிள் (பந்தோடு வருபவரைப் பிடித்து வீழ்த்துவது) எண்ணிக்கை தானாகவே ஏறும். எதிரணி உதைத்த பந்தை வாங்கி ஓடும் ஃபுல்-பேக்குக்கு மீட்டர் கணக்கு வீங்கும். லைன்-அவுட் வெற்றி விகிதத்தை ஹூக்கர் தலையில் மட்டும் கட்டுவது அநியாயம். எங்கே எறிய வேண்டும் என்று குறிப்புச் சொல்பவர், தூக்குபவர், குதிப்பவர் எல்லோருக்கும் பங்குண்டு. உதை விகிதத்தைப் பார்க்கும்போது எவ்வளவு தூரம், எந்தக் கோணம் என்று கேளுங்கள். சுருக்கக் காணொளியை விட்டுவிட்டு, வலுவான ஃபார்வர்டுகள் உள்ள அணியோடு வெளியூரில் ஆடிய இரண்டு முழு ஆட்டங்களைப் பாருங்கள். பந்து இல்லாதபோது அவர் எங்கே நிற்கிறார் என்பது அதில்தான் தெரியும்.

நாட்டுவாரிப் பங்கீட்டை எடுத்தவுடன் சண்டை தொடங்கும். 2025-இல் அயர்லாந்து 15, இங்கிலாந்து 13, ஸ்காட்லாந்து 8, வேல்ஸ் 2. அந்த ஆண்டு ஐரோப்பாவின் ஆறு நாட்டுத் தொடரான சிக்ஸ் நேஷன்ஸில் வேல்ஸ் ஐந்து ஆட்டத்திலும் தோற்றிருந்தது. பங்கீட்டைத் தொடக்கத்தில் வைக்காதீர்கள். பட்டியல் முடிந்தபின் எண்ணிப் பாருங்கள். ஒரே நாட்டுக்காரர் அதிகமானால் தற்காப்பு அழைப்புகள் சீக்கிரம் பொருந்தும் என்ற வாதத்தில் நியாயம் உண்டு, ஏனெனில் சேர்ந்து பயிற்சி செய்யக் கிடைப்பது சில வாரம்தான். ஆள் கூடினால் பலம் கூடும் என்பதில் அந்த நியாயமும் இல்லை. 2005-இல் லயன்ஸ் பயிற்சியாளர் கிளைவ் வுட்வர்ட் முதலில் அறிவித்தது 44 பேர். டெஸ்ட் தொடர் 3-0 என்று நியூசிலாந்துக்குப் போனது.

கேப்டனை முதலில் எழுதினால் அவருடைய இடம் பூட்டப்பட்டுவிடும். 2017-இல் கேப்டன் சாம் வார்பர்ட்டன் முதல் டெஸ்டில் பெஞ்சில்தான் இருந்தார். பீட்டர் ஓ'மஹோனி தலைமை தாங்கினார். கேப்டன் பெயருக்கு எதிரே அவருடைய இடத்தில் போட்டியிடும் இருவரின் பெயரையும் எழுதி வைத்துப் பேசுங்கள்.

காத்திருப்புப் பட்டியலை விட்டுவிடாதீர்கள். ஒரு கட்டத்துக்கு ஒருவராவது வேண்டும்; அந்த ஆள் ஜூலையில் எங்கே இருப்பார் என்பதும் பெயருக்கு அருகில் இருக்கட்டும். 2025 ஜூலையில் ஸ்காட்லாந்து நியூசிலாந்து, ஃபிஜி பக்கம் இருந்தது. இங்கிலாந்து அர்ஜென்டினாவில், வேல்ஸ் ஜப்பானில், அயர்லாந்து ஜார்ஜியாவிலும் போர்ச்சுகலிலும். பெர்த் ஆட்டத்தில் ஸ்க்ரம்-ஹாஃப் டாமோஸ் வில்லியம்ஸ் தொடைத் தசை இழுத்து வெளியேற, இடத்துக்கு வந்தவர் ஸ்காட்லாந்தின் பென் வைட். ஆனால் பக்கத்தில் இருப்பது மட்டுமே தகுதியாகிவிடக் கூடாது. 2017-இல் லயன்ஸ் பயிற்சியாளர் வாரன் கேட்லண்ட் நியூசிலாந்துக்கு அருகே இருந்த வேல்ஸ், ஸ்காட்லாந்து வீரர்கள் ஆறு பேரை அழைத்தார். கண்டனம் வலுத்ததும் அவர்களைப் பெஞ்சோடு நிறுத்திக்கொண்டார். பெரும்பாலோர் களத்தில் இறங்கவே இல்லை. காத்திருப்பவரைத் தேர்ந்தெடுக்கும்போது கேட்க வேண்டியது இதுதான்: நாளை மறுநாள் நடு ஆட்டத்தில் இவரைத் தொடக்கத்திலேயே இறக்குவீர்களா? தயங்கினால் அடுத்த பெயருக்குப் போங்கள், அவர் பத்து மணி நேரப் பயணத்தில் இருந்தாலும்.