வைகையின் வடகரையில் சாப்பிடப் போகிறவர்களுக்கு

மதுரைக்கு வருகிறவர்களில் பெரும்பாலோர் மீனாட்சியம்மன் கோயிலைச் சுற்றியுள்ள மாசி வீதிகளிலும் டவுன்ஹால் சாலையிலும் சாப்பிட்டுவிட்டு ஊர் திரும்பிவிடுகிறார்கள். அங்கும் நல்ல கடைகள் இருக்கின்றன. ஆயினும் ஆல்பர்ட் விக்டர் பாலத்தைக் கடந்து வைகையின் வடகரைக்கு வந்தால், கோரிப்பாளையம், தல்லாகுளம், சொக்கிகுளம் என ஒன்றையொன்று ஒட்டிக் கிடக்கும் பகுதிகளில், இந்த மண்ணின் அசைவச் சமையலை அதன் முழு வீச்சில் உண்ணலாம். அண்மைக் காலத்தில் எழுந்துள்ள நவநாகரிக உணவகங்களையும் அங்கேயே பார்த்துவிடலாம். ஒரு நாளை முழுமையாக ஒதுக்கி இப்பகுதியில் சாப்பிட விரும்புகிறவர்கள், கடையின் பெயரைக் குறித்துக்கொள்வதற்கு முன்பு நேரத்தைக் குறித்துக்கொள்ள வேண்டும். மதுரையில் ஒவ்வொரு பதார்த்தத்துக்கும் அதற்கென்று ஒரு வேளை உண்டு. அந்த வேளை தவறினால், மிகவும் பெயர்பெற்ற கடையில்கூடச் சுமாரான சாப்பாடுதான் இலைக்கு வரும்.

இப்பகுதியில் இத்தனை மெஸ்கள் ஏன் முளைத்தன என்பதைச் சுற்றிப் பார்த்தாலே ஊகிக்கலாம். 1881-இல் தொடங்கிய அமெரிக்கன் கல்லூரி, 1948-இல் தொடங்கிய லேடி டோக் கல்லூரி, 1954-இல் தொடங்கிய மதுரை மருத்துவக் கல்லூரி, அதனோடு இணைந்த அரசு இராசாசி மருத்துவமனை, மாவட்ட ஆட்சியர் அலுவலகம் ஆகிய அனைத்தும் சிறிது தொலைவுக்குள்ளேயே இருக்கின்றன. கிராமங்களிலிருந்து மனுக்கொடுக்க வருகிறவர்களும், நோயாளிகளுக்குத் துணையாக வந்தவர்களும், அலுவலகப் பணியாளர்களும், மாணவர்களும் நண்பகலில் ஒரே நேரத்தில் பசியோடு வெளியே வருகிறார்கள். அவர்களுக்கு அலங்காரம் தேவையில்லை. சூடான சோறும், காரம் குறையாத குழம்பும், விரைவான பரிமாறலும் போதும். அந்தத் தேவைக்கேற்ப அமைந்ததே தல்லாகுளத்து மெஸ். ஆகவே அதன் உயிர் மதியச் சாப்பாட்டில்தான் இருக்கிறது.

காலை உணவைப் பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை. கோரிப்பாளையத்தில் விசாலம் காபியில் ஒரு காபி குடித்துவிட்டு, அருகிலுள்ள ஏதேனும் சைவக் கடையில் இரண்டு இட்லியோடு நிறுத்திக்கொள்வது நல்லது. மதுரை இட்லியின் மென்மையும் அதற்குத் தரப்படும் சட்னி வகைகளும் வயிறு நிறையும்வரை சாப்பிடத் தூண்டும் என்றாலும், மதியத்துக்காக வயிற்றில் இடம் விட்டுவைப்பவர்களே இந்த ஊரைச் சரியாகச் சாப்பிடத் தெரிந்தவர்கள் என்பேன்.

மதியத்துக்கு அழகர்கோவில் சாலையிலும் அதன் பக்கத் தெருக்களிலும் உள்ள மெஸ்களுக்குப் போக வேண்டும். அம்மா மெஸ், குமார் மெஸ், சந்திரன் மெஸ் ஆகிய மூன்றும் தல்லாகுளத்தில் நெடுநாளாக அறியப்பட்டவை. பன்னிரண்டரை மணிக்குள் உட்கார்ந்துவிடுவது சிறந்தது. ஒன்றரை மணிக்கு மேல் போனால் நிற்க வேண்டியிருக்கும் என்பது சிறிய குறைதான்; அன்றைய சிறப்பு வகைகள் தீர்ந்துபோயிருக்கும் என்பதே பெரிய குறை. குறிப்பாகக் கோலா உருண்டை, ஈரல், எலும்பு மஜ்ஜை ஆம்லெட் போன்றவை குறைந்த அளவில்தான் செய்யப்படுகின்றன. எலும்பு மஜ்ஜை ஆம்லெட்டுக்குப் பெயர்பெற்றது அம்மா மெஸ். எலும்பின் உள்ளே உள்ள மஜ்ஜையை எடுத்து, மசாலா சேர்த்து, முட்டையோடு வார்க்கும் அந்த ஆம்லெட்டை ஆறவிடாமல் உண்ண வேண்டும். ஆறினால் கொழுப்பு உறைந்து சுவை மங்கிவிடும்.

இலை போட்டுச் சோறு வைத்தவுடன், பரிமாறுகிறவர் ஒரு பெரிய தட்டில் சிறு கிண்ணங்களை அடுக்கிக்கொண்டு வந்து காட்டுவார். சுக்கா, மூளை, குடல், ஈரல், நாட்டுக்கோழி, காடை, நண்டு, இறால், மீன் வறுவல் என அத்தனையும் கண்ணெதிரே இருக்கும்போது முதல்முறை வருகிறவர்கள் திகைத்துப்போய் நான்கைந்தைக் கேட்டுவிடுவது வழக்கம். அவ்வாறு செய்யாமல், இருவராக வந்திருந்தால் ஒரு வறண்ட வகையும் ஒரு குழம்பு வகையும் மட்டும் முதலில் வாங்கிப் பகிர்ந்துகொள்ளுங்கள். கிண்ணத்தைச் சுட்டிக்காட்டும்போதே விலையையும் கேட்டுவிடுங்கள். கேட்பதை இங்கே யாரும் தவறாக எண்ணுவதில்லை. சாப்பாட்டோடு ஆட்டுக்கறிக் குழம்பு, கோழிக் குழம்பு, மீன் குழம்பு, சில இடங்களில் நண்டுக் குழம்பு ஆகியவை தனிக் கட்டணமின்றி வந்துகொண்டே இருக்கும். ஆகையால் ஒவ்வொன்றுக்கும் ஒரு கைப்பிடிச் சோறு என்று பிரித்து வைத்துக்கொண்டால், ரசத்துக்கும் மோருக்கும் வரும்வரை சலிப்புத் தட்டாது.

எல்லாவற்றிலும் நான் முதலிடம் தருவது அயிரை மீன் குழம்புக்குத்தான். விரல் நீளம்கூட இல்லாத இந்தச் சிறுமீன் கண்மாய்களிலும் ஆற்று நீரிலும் மணலையொட்டி வாழ்வது. சந்தையில் உயிரோடுதான் விற்கப்படும். சமைப்பதற்கு முன் அதைப் பாலிலோ தேங்காய்ப்பாலிலோ சிறிது நேரம் நீந்தவிடுவார்கள். அப்போது உள்ளே உள்ள மண்ணை அது கக்கிவிடும். பிறகு உப்புப் போட்டுத் தேய்த்து, பலமுறை அலசி, முழு மீனாகவே புளிக்குழம்பில் இடுவார்கள். இந்தப் பக்குவம் சரியாக அமைந்திருக்கிறதா என்பதை முதல் வாயிலேயே கண்டுகொள்ளலாம்: பல்லில் மணல் நறநறத்தால் அந்தச் சமையலறை அவசரப்பட்டிருக்கிறது என்று பொருள். நல்ல அயிரைக் குழம்பில் மீன் குழையாமல் இருக்கும். முள்ளைத் தனியே எடுக்க வேண்டிய வேலையே இராது. கண்மாய்களில் தண்ணீர் கிடக்கும் மாதங்களில் வரத்து மிகுதியாகவும், கோடையில் அரிதாகவும் இருப்பதால் இதன் விலை நிலையானதன்று. மற்றவற்றைவிட இது விலை உயர்ந்தது என்பதையும், எல்லா நாளும் கிடைக்காது என்பதையும் மனத்தில் வைத்துக்கொண்டு, உள்ளே நுழையும்போதே “அண்ணே, இன்னைக்கு அயிரை இருக்கா?” என்று கேட்டுவிடுவது நல்லது. இல்லையென்றால் விரால் மீன் குழம்பைக் கேளுங்கள்.

“அண்ணே” என்று அழைப்பது இங்கே பரிமாறுகிறவருக்குரிய மரியாதை. உங்களைவிட வயதில் இளையவராக இருந்தால் “தம்பி” என்று கனிவாக அழைத்தால்தான் இரண்டாம் முறை குழம்பு சிரித்த முகத்தோடு வரும். “இன்னைக்கு எது நல்லா வந்திருக்கு?” என்ற ஒரு கேள்வி, எந்த உணவுப் பட்டியலையும்விடப் பயன் தரும். பெரும்பாலான மெஸ்களில் நேர்மையாகவே பதில் சொல்கிறார்கள். சாப்பிட்டு முடித்ததும் இலையை உங்கள் பக்கமாக மடித்துவிட்டு எழுந்திருங்கள். பின்னால் ஒருவர் அந்த இடத்துக்காகக் காத்திருப்பார் என்பதால், அரட்டையைத் தெருவோரத்துக்கு மாற்றிக்கொள்வதே முறை.

பிற்பகலில் ஓய்வெடுக்கலாம். வெயில் தாழ்ந்த பிறகு ஜிகர்தண்டா குடிக்க விரும்பினால், வடகரையிலும் தெருவுக்குத் தெரு கடை இருந்தாலும், ஒருமுறையேனும் தென்கரைக்குப் போய் விளக்குத்தூண் அருகே 1977-இல் தொடங்கிய கடையில் குடித்துப் பாருங்கள். சுண்டக் காய்ச்சிய பால், கடல்பாசி, நன்னாரி சர்பத், பாலைச் சுண்டவைத்துச் செய்யும் ஐஸ்கிரீம் ஆகியவை சேர்ந்த அந்தக் கோப்பையில் பால் சுண்டிய பதம்தான் முக்கியம். நிறமும் சர்க்கரையும் மட்டுமே தூக்கலாக இருக்கும் இடங்களை விட்டுவிடலாம். அந்த விளக்குத்தூண், 19-ஆம் நூற்றாண்டில் பழைய கோட்டையை இடித்து நகரை விரிவுபடுத்திய ஆட்சியர் பிளாக்பர்னின் நினைவாக நிறுவப்பட்டது. அருகில் செல்லும் மாரட் வீதியும் பெருமாள் மேஸ்திரி வீதியும் அப்பணியில் ஈடுபட்ட இருவரின் பெயர்களைத் தாங்கியிருக்கின்றன. கையில் கோப்பையோடு நிற்கும் இடம் ஒரு காலத்தில் கோட்டை மதிலை ஒட்டியிருந்தது என்று அறிந்துகொள்வதும் ஒரு சுவையே.

இரவு உணவுக்கு இரண்டு வழிகள் இருக்கின்றன. ஆல்பர்ட் விக்டர் பாலத்தின் தென்முனையை ஒட்டியுள்ள சிம்மக்கல்லில் கோனார் கடையின் கறி தோசை முதலாவது வழி. கல்லில் சற்றுத் தடிப்பாக மாவை ஊற்றி, அதன்மேல் முட்டையைப் பரப்பி, அதற்கும்மேல் கொத்திய ஆட்டுக்கறி மசாலாவை இட்டு, எண்ணெய் சுற்றிவிட்டுத் திருப்பிப் போட்டு எடுப்பார்கள். ஒரு தோசை இருவருக்குத் தாராளமாகக் காணும். கறிக்குழம்பை அதன்மேல் முழுவதுமாக ஊற்றிவிடாமல், ஓரமாக வாங்கித் தொட்டு உண்டால்தான் கல்லின் முறுகல் நாவுக்குத் தெரியும். மாலை விளக்கேற்றிய பிறகு போவதே பொருத்தம். இது இரவுப் பலகாரம்.

இரண்டாவது வழி பரோட்டா. வடகரையில் சாத்தமங்கலம் ஆவின் சந்திப்புப் பக்கம் பன் பரோட்டாவுக்கு இரவில் கூட்டம் சேருகிறது. வழக்கமான பரோட்டாவைவிடச் சிறியதாகவும் உயரமாகவும் சுற்றப்பட்டு, வெளியே மொறுமொறுப்பும் உள்ளே பஞ்சு போன்ற மென்மையும் கொண்டிருப்பதால் அந்தப் பெயர். எந்தப் பரோட்டாக் கடையாக இருந்தாலும் கல்லுக்கு எதிரே இரண்டு நிமிடம் நின்று பார்த்துவிட்டு உட்காருங்கள். எடுத்தவுடன் அடுக்கித் தட்டி, அப்போதே இலைக்கு அனுப்புகிறார்களா, அல்லது முன்பே போட்டுக் குவித்துவைத்திருக்கிறார்களா என்பதைப் பொறுத்தே எல்லாம் அமையும். சால்னா தண்ணீராக ஓடினாலும் மணம் குறையக் கூடாது. பரோட்டாவைக் கையால் பிய்த்துப் போட்டு, சால்னாவில் ஊறவிட்டு, கூடவே ஒரு கலக்கியோ (அரைவேக்காட்டில் கலக்கி எடுக்கும் முட்டை) சுக்காவோ வைத்துக்கொள்வது மதுரை வழக்கம். நள்ளிரவை நெருங்கும் வேளையிலும் கல் சூடாக இருக்கும் கடைகள் இந்த ஊரில் இன்னும் உண்டு.

இனி நாகரிக உணவகங்கள். சொக்கிகுளத்தில் விஷால் டி மால் என்ற வணிக வளாகம் வந்த பிறகு அதைச் சுற்றியும், கே.கே. நகர், அண்ணா நகர் பகுதிகளிலும் குளிரூட்டப்பட்ட காபி விடுதிகள், மந்தி எனப்படும் அரேபிய இறைச்சிச் சோறு பரிமாறும் இடங்கள், கிரில் கடைகள், மொட்டை மாடி உணவகங்கள் ஆகியவை பெருகியிருக்கின்றன. இவற்றைக் குறை சொல்வதில் எனக்கு உடன்பாடில்லை. மெஸ்ஸில் பத்து நிமிடத்துக்கு மேல் உட்கார முடியாத குடும்பத்தினருக்கும், பிறந்தநாள் கொண்டாட வரும் கல்லூரிப் பிள்ளைகளுக்கும், வயதான பெற்றோரை அழைத்துவருகிறவர்களுக்கும் நிதானமாக அமர்ந்து பேச ஓரிடம் தேவை. அந்தத் தேவையை இவை நிறைவுசெய்கின்றன. ஆனால் தேர்ந்தெடுக்கும்போது கவனம் வேண்டும். சீனம், வடஇந்தியம், இத்தாலியம், அரேபியம் என அனைத்தையும் ஒரே பட்டியலில் அச்சிட்டிருக்கும் இடத்தில் எதுவும் புதிதாகச் சமைக்கப்படுவதற்கு வாய்ப்புக் குறைவு. பட்டியல் சிறியதாக இருக்கும் இடத்தையே நம்புங்கள். மந்தியை ஒரே பெரிய தட்டில் பலர் சுற்றி அமர்ந்து உண்ணுவார்கள் என்பதால், எத்தனை பேருக்கு எந்த அளவு என்று கேட்டுத் தெளிந்த பிறகே சொல்லுங்கள். ஷவர்மா வாங்கினால், சுழலும் கம்பியிலிருந்து வெந்த மேற்பகுதி மட்டும் சீவப்படுகிறதா என்று பாருங்கள். அங்கே மயோனைஸ் வெயில் காலத்தில் வேண்டாம் என்று சொல்லிவிடலாம்.

நட்சத்திர விடுதிகளில் உண்ண விரும்புகிறவர்களுக்கு அழகர்கோவில் சாலையில் கோர்ட்யார்ட் பை மேரியாட், ரேஸ்கோர்ஸ் பக்கம் ஃபார்ச்சூன் பாண்டியன் ஆகியவை உள்ளன. அங்கே பஃபே முறையில் எல்லாவற்றையும் தட்டில் நிரப்பிக்கொள்வதைவிட, தனியாகக் கேட்டு வாங்கும் ஓரிரு வகைகள் நன்றாக அமையும் என்பது என் கருத்து. சனி, ஞாயிறு இரவுகளில் முன்பதிவு செய்யாமல் போக வேண்டாம்.

நாளைத் தேர்ந்தெடுப்பதிலும் கருத்துச் செலுத்த வேண்டும். ஞாயிற்றுக்கிழமை மதியம் மதுரையே கறி உண்ணும் வேளை. மெஸ்களில் நெரிசல் மிகும். புரட்டாசியில் பலர் அசைவத்தைத் தவிர்ப்பதால் கூட்டம் குறைவாக இருக்கும். ஆனால் வகைகளும் குறையலாம். சித்திரைத் திருவிழாவில் கள்ளழகர் மலையிலிருந்து இறங்கிவந்து தல்லாகுளத்தில் எதிர்சேவை (பக்தர்கள் எதிர்கொண்டு வரவேற்பது) காண்பதும், மறுநாள் அதிகாலையில் வைகையில் எழுந்தருளுவதும் இந்தப் பகுதியில்தான் நிகழ்கின்றன. அந்த இரு நாட்களிலும் இச்சாலைகளில் வாகனத்தில் வருவது எளிதன்று. அப்போது வந்தால் அழகரைத் தரிசித்துவிட்டு, தண்ணீர்ப் பந்தல்களில் தரும் நீர்மோரையும் பானகத்தையும் அன்னதானத்தையும் ஏற்றுக்கொள்ளுங்கள்; மெஸ்ஸை வேறொரு நாளுக்கு வைத்துக்கொள்ளலாம்.

ஊருக்குப் பார்சல் கொண்டுபோக விரும்புகிறவர்கள் வறண்ட வகைகளை மட்டும் வாங்குவது நல்லது. மிளகுச் சுக்காவும் கோலா உருண்டையும் நான்கைந்து மணி நேரப் பயணத்தைத் தாங்கும். வாழையிலையில் பொதிந்து தரச் சொன்னால் மணமும் கெடாது. சூடாக இருக்கும்போதே பிளாஸ்டிக் பையில் கட்டச் சம்மதிக்காதீர்கள். குழம்பு வேண்டுமென்றால் உங்கள் வீட்டு எவர்சில்வர் தூக்கை எடுத்துவாருங்கள்; பல கடைகளில் அதில் ஊற்றித் தருவார்கள். அயிரைக் குழம்பை மட்டும் பார்சல் வாங்க வேண்டாம். வழியில் குலுங்கிக் குலுங்கி அந்தச் சிறுமீன்கள் கரைந்துவிடும். அதை அங்கேயே, இலையில் சோற்றோடு உண்டுவிடுங்கள்.