கியர் விழவில்லையா? பாக்ஸை இறக்கும் முன் தவிர்க்க வேண்டிய தவறுகள்

பழைய மாருதி 800 ஒன்றில் கியர் சரியாக விழவில்லை என்றதும் பல இடங்களில் உடனே சொல்லப்படுவது, "பாக்ஸ் இறக்கணும்", அதாவது கியர்பாக்ஸையே கழற்ற வேண்டும், என்பதுதான். கிளட்ச் கேபிளின் நட்டை நாலு சுற்று திருப்பினால் தீரும் கோளாறுக்கும் இதே வைத்தியம் நடக்கிறது. காசும் போகிறது, நன்றாக இருந்த ஆயில் சீலும் (எண்ணெய் ஒழுகாமல் தடுக்கும் ரப்பர் வளையம்) கெடுகிறது.

கோளாறு கிளட்சிலா, கியர்பாக்ஸிலா என்று பிரித்துப் பார்க்காமல் விடுவதுதான் பெரிய தவறு. எஞ்சினை நிறுத்திவிட்டு எல்லா கியரையும் போட்டுப் பாருங்கள். ஏதாவது ஒன்று இடித்தால் வண்டியைக் கொஞ்சம் முன்பின் தள்ளிவிட்டு மறுபடி போடுங்கள். பல்லும் பல்லும் முட்டி நிற்பது சகஜம். நிறுத்திய வண்டியில் எல்லாம் வெண்ணெயாக விழுந்து, ஓடும் எஞ்சினில் மட்டும் மறுத்தால் கிளட்ச் முழுதாக விடவில்லை. நிறுத்தியும் இறுக்கமாக இருந்தால் கியர் லிவர், இணைப்புக் கம்பி, அதன் புஷ்கள், கடைசியாகப் பாக்ஸின் உள்ளே என்ற வரிசையில் போக வேண்டும்.

உறுதி செய்ய இன்னொரு சோதனை உண்டு. எஞ்சின் சூடாகி, ஆக்சிலரேட்டரைத் தொடாமலே சீராக ஓடும்போது (குளிரில் ஸ்டார்ட் செய்ய உதவும் சோக்கை இழுத்த நிலையில் வேண்டாம்) கிளட்சை முழுதும் மிதித்து, ஐந்து வரை நிதானமாக எண்ணி ரிவர்ஸ் போடுங்கள். 800-இல் ரிவர்ஸுக்கு சின்க்ரோ (கியர் விழுமுன் இரண்டு பக்கச் சுழற்சி வேகத்தையும் சமமாக்கும் அமைப்பு) கிடையாது, அதனால் அது எதையும் மறைக்காது. அப்போதும் கரகரவென்று அரைத்தால், எஞ்சின் விசையைக் கியர்பாக்ஸுக்குக் கடத்தும் கிளட்ச் பிளேட் இன்னும் சுற்றிக்கொண்டிருக்கிறது.

அடுத்து பெடலின் சும்மா ஆட்டம். விரலால் மெல்ல அழுத்தினால் எடை தெரியும் இடம் வரை பெடல் நகரும் தூரம் இது. கேபிளால் கிளட்ச் இயங்கும் வண்டிகளில் பெரும்பாலும் 15 முதல் 25 மி.மீ. இருக்கும், உங்கள் வண்டிக் கையேட்டில் உள்ள அளவே இறுதி. இங்கேதான் பலரும் தலைகீழாகப் புரிந்துகொள்கிறார்கள். கேபிள் நீண்டால் ஆட்டம் கூடும், கியர் அரைக்கும். பிளேட் தேய்ந்தால் ஆட்டம் குறையும், பெடல் கிட்டத்தட்ட முழுதும் மேலே வந்த பிறகே கிளட்ச் பிடிக்கும். தேய்ந்த வண்டியில் கேபிளை மேலும் இறுக்கினால் ஆட்டம் பூஜ்யமாகி, பெடலை மிதிக்கும்போது தள்ளும் ரிலீஸ் பேரிங், கிளட்ச் பிளேட்டை அழுத்திப் பிடிக்கும் பிரஷர் பிளேட்டின் விரல்களை எப்போதும் அழுத்தியபடியே சுற்றும். பிளேட் வழுக்கிக் கருகும்.

வழுக்கலைப் பார்க்க ஹேண்ட்பிரேக் போட்டு, டாப் கியரில் கிளட்சை விட்டு, திரும்பத் திரும்ப எஞ்சினை அணைய வைப்பார்கள். பிளேட்டை எரிக்க இதைவிடச் சுலபமான வழி இல்லை. காலியான சாலையில் டாப் கியரில் 40 கி.மீ. வேகத்தில் ஆக்சிலரேட்டரை முழுதும் அழுத்துங்கள். எஞ்சின் இரைச்சல் ஏறி வேகம் ஏறாவிட்டால் வழுக்குகிறது.

சத்தத்திலும் குழப்பம் வருகிறது. நியூட்ரலில் கிளட்சை மிதித்ததும் சத்தம் வந்தால் ரிலீஸ் பேரிங். மிதித்ததும் சத்தம் நின்றால் பாக்ஸின் இன்புட் ஷாஃப்ட் (கிளட்சிலிருந்து சுழற்சியை உள்ளே எடுத்துச் செல்லும் தண்டு) பேரிங்கைச் சந்தேகிக்கலாம்.

இரண்டாம் கியர் மட்டும் அரைக்கிறதா? கிளட்சைத் தொடாதீர்கள், அது சின்க்ரோ ரிங். ஆக்சிலரேட்டரை விட்டதும் கியர் தானாக நழுவினால், பாக்ஸைக் குறை சொல்லுமுன் எஞ்சின் மவுண்டிங் ரப்பரைப் பாருங்கள். ஆக்சிலரேட்டரை அழுத்தி விடும்போதெல்லாம் லிவர் முன்னும் பின்னும் துள்ளினால் பெரும்பாலும் அந்த ரப்பர்தான் கிழிந்திருக்கும்.

கியர் ஆயில் மாற்றும்போது வடிகட்டும் போல்ட்டை முதலில் கழற்றாதீர்கள். ஊற்றும் போல்ட் திறக்கிறதா என்று பார்த்துவிட்டே வடியுங்கள். அது துருப்பிடித்து இறுகியிருந்தால் வண்டி ஆயில் இல்லாமல் அங்கேயே நிற்கும். வடிந்த போல்ட்டின் காந்தத்தில் சாம்பல் நிறப் பசை இருந்தால் கவலை வேண்டாம், விரலில் குத்தும் இரும்புச் சில்லு இருந்தால் பல் உடைந்திருக்கிறது. கியர் ஆயிலின் தர வகையாகக் கையேடு ஜிஎல்-4 சொன்னால் ஜிஎல்-5 ஊற்றாதீர்கள். அதிலுள்ள கந்தகச் சேர்மானம் பித்தளை சின்க்ரோ ரிங்கை அரிக்கக்கூடும், ரிங் பிடிக்கவேண்டிய நேரத்தில் வழுக்கவும் செய்யும். சமதளத்தில் நிறுத்தி, ஊற்றும் துளையின் விளிம்பு வரை நிரப்பினால் அளவு சரி.

கேபிளுக்குப் பதில் திரவ அழுத்தத்தால் இயங்கும் ஹைட்ராலிக் கிளட்ச் வண்டியில், இரண்டு மூன்று முறை அடித்து மிதித்தால் கியர் விழுகிறது என்றால் காற்று புகுந்திருக்கிறது, அல்லது சிலிண்டர் ஒழுகுகிறது. பெடலுக்கு மேலே புஷ்ராட் (பெடல் தள்ளும் கம்பி) சிலிண்டருக்குள் போகும் இடத்தை விரலால் தடவிப் பாருங்கள், கீழே இருக்கும் சிலிண்டரின் ரப்பர் மூடியையும் விலக்கிப் பாருங்கள். ஈரமாக இருந்தால் கிளட்ச் திரவத்தை மேலும் மேலும் ஊற்றி ஓட்டுவதில் பயனில்லை. அந்தத் திரவத்துக்குப் பதில் எஞ்சின் ஆயில் ஊற்றினால் ரப்பர் முழுதும் உப்பிப் போகும்.

பாக்ஸை இறக்கியே ஆகவேண்டுமென்றால் பிளேட்டை மட்டும் மாற்றி மூடாதீர்கள். பிளேட், பிரஷர் பிளேட், ரிலீஸ் பேரிங் மூன்றையும் சேர்த்தே மாற்றுங்கள். பிளேட் அழுந்தும் எஞ்சின் சக்கரமான ஃபிளைவீலில் நீலத் திட்டோ மயிரிழை வெடிப்போ இருக்கிறதா என்று பாருங்கள். பழைய பிளேட் எண்ணெய் பட்டிருந்தால் முகர்ந்து பாருங்கள். கந்தக நெடி அடித்தால் கியர்பாக்ஸ் சீல், இல்லாவிட்டால் எஞ்சினின் பின்பக்க சீல். அந்த ஒழுகலை அடைக்காமல் போடும் புதுப் பிளேட்டும் சில வாரங்களில் வழுக்கும், பாக்ஸ் மறுபடி இறங்கும்.