கை தூக்காத பிள்ளையையும் பேசவைக்க

முதலில் ஒரு பாடவேளை முழுக்க, யார் பதில் சொல்கிறார்கள் என்று இருக்கை வரைபடத்தில் புள்ளி வையுங்கள். நான் வைத்தபோது முன்வரிசை நால்வரிடமே புள்ளிகள் குவிந்திருந்தன. ஜன்னலோரம் ஒன்றுகூட இல்லை. எனக்கே வெட்கமாகிவிட்டது.

அப்புறம், கேள்வி கேட்டதும் வாயை மூடிக்கொண்டு மனதுக்குள் மூன்று எண்ணுங்கள். ஆசிரியர்கள் பொதுவாக ஒரு விநாடி அளவுதான் காத்திருக்கிறார்கள் என்று அமெரிக்கக் கல்வி ஆய்வாளர் மேரி பட் ரோ 1970களில் எழுதினார். அதை 3 விநாடியாக்கினால் பதில்கள் நீள்கின்றன, பேசாதவர்களும் பேசுகிறார்கள். அந்த மௌனம் முதல் வாரம் உங்களைத்தான் படுத்தும்.

திக்கிப் பேசும் பிள்ளையின் வாக்கியத்தை நீங்கள் முடித்துவைக்காதீர்கள். காது சரியாகக் கேட்காத பிள்ளை இருந்தால் கரும்பலகையைப் பார்த்தபடி பேசாதீர்கள். உதடு தெரிய வேண்டும். சீட்டுக் குலுக்கிப் பெயர் எடுப்பதும் சரிதான், ‘அடுத்த முறை சொல்கிறேன்’ என்று நழுவவும் இடம் கொடுத்தால்.