பழைய பென்ஸ், பிஎம்டபிள்யூ: திருகோணமலையில் நாம் விடும் தவறுகள்

உவர்மலையிலும் உப்புவெளியிலும் பழைய ஈ-கிளாஸோ ஃபைவ் சீரிஸோ நிற்கும் வீடுகள் இப்போது கொஞ்சம் கூடிவிட்டன. ஞாயிற்றுக்கிழமை காலையில் ஷாம்பூ போட்டுக் கழுவுவார்கள், வக்ஸ் பூசுவார்கள், லெதர் சீட்டைத் துடைப்பார்கள். பிறகு கவர் போட்டு மூடிவிட்டுச் சந்தைக்கு மோட்டார் சைக்கிளில் போவார்கள். அப்படிப் பொத்திப் பொத்தி வைத்த கார்தான் ஒருநாள் கந்தளாய்க்கும் ஹபரணைக்கும் நடுவில் பொனற்றைத் திறந்தபடி நிற்கும். அக்கறை முழுவதும் பாடிக்கே போய்விடுகிறது. உள்ளே ஓடும் ஒயிலையும் தண்ணீரையும் யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை.

தவறு வாங்கும்போதே தொடங்குகிறது. 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி, தனியார் கார்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் திரும்பத் திறந்தது. இடைப்பட்ட காலத்தில் பழைய கார்களின் விலை எங்கேயோ போனது. ‘இவ்வளவு விலை சொல்கிறார்களே, நல்ல கண்டிஷனில்தான் இருக்கும்’ என்று நம்பி வாங்கியவர்கள் பலர். தட்டுப்பாட்டால் விலை ஏறியதே தவிர, கியர்பொக்ஸுக்கு வயது குறையவில்லை. கையில் இருந்த காசு முழுவதையும் காருக்கே கொட்டிவிட்டால், முதல் வருடத்திலேயே வரும் ஒயில், கூலன்ட், டயர், பற்றரி, புஷ் செலவுக்கு லீசிங் கட்டுகிற காசில்தான் கை வைக்க வேண்டிவரும். அந்தச் செலவுக்குத் தனியாக ஒதுக்க முடியாதவர் ஒரு டொயோட்டா பிரிமியோவை வாங்கிக்கொண்டு நிம்மதியாக இருக்கலாம். அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

‘ஸ்கான் பண்ணினோம், ஒரு எரரும் இல்லை’ என்ற பேச்சையும் அப்படியே நம்பக்கூடாது. விற்பவர் முதல்நாள் இரவே எரர்களை அழித்திருக்கலாம். அழித்த பிறகு காரின் கணினி தன் சுயபரிசோதனைகளைத் திரும்ப முடிப்பதற்குச் சில நாள் ஓட்டம் வேண்டும். ஸ்கானரில் ‘ரெடினஸ்’ என்ற பகுதியைத் திறக்கச் சொல்லுங்கள். பல பரிசோதனைகள் முடியாமல் கிடந்தால், அண்மையில் யாரோ அழித்திருக்கிறார்கள், அல்லது பற்றரியைக் கழற்றியிருக்கிறார்கள். எதற்கு என்று கேட்பது உங்கள் உரிமை.

கிணற்றுத் தண்ணீரும் ரேடியேட்டரும்

இந்த ஊரில் இவ்வகைக் கார்களை அதிகம் கொல்வது தண்ணீர் என்பது என் எண்ணம். கடலோரப் பக்கம் பல கிணறுகள் உவர். கொரோலாவுக்கு விட்ட பழக்கத்தில் அதே தண்ணீரை ஒரு போத்தலில் பிடித்து பென்ஸுக்கும் விடுகிறார்கள். ஐரோப்பிய எஞ்சின்களில் அலுமினியம் அதிகம். தண்ணீர் பம்பின் உள் சுழலி, தேர்மோஸ்டாட் கூடு, ஹோஸ் இணைப்புகள் பலவும் பிளாஸ்டிக். உப்புத் தண்ணீர் அலுமினியத்தை அரிக்கும். பத்து வருட வெக்கையில் பிளாஸ்டிக் பிஸ்கட் மாதிரி நொறுங்கும்.

கராஜில் அடிக்கடி காதில் விழும் உரையாடல் ஒன்று உண்டு. “தம்பி, கடைசியா என்ன கூலன்ட் விட்டனீங்கள்?” “பச்சை அண்ணை.” நிறம் ஒரு பதிலே இல்லை. ஒரே நிறத்தில் வெவ்வேறு வேதியியல் கொண்ட கூலன்ட்கள் கடைகளில் உண்டு. பொருந்தாத இரண்டு கலந்தால் கசடு கட்டும். எஞ்சின் நன்றாக ஆறிய பிறகு தாங்கி மூடியைத் திறந்து பாருங்கள். உள்விளிம்பில் சேறு போல மண்ணிறமாக ஏதாவது ஒட்டியிருந்தால் மேலே நிரப்பிப் பயனில்லை. முழுவதையும் வடித்து, கழுவி, கார் கம்பனி சொல்லும் தரத்துக் கூலன்டைக் காய்ச்சி வடித்த தண்ணீரோடு பாதிக்குப் பாதி கலந்து விடவேண்டும். சூட்டு ஊசி நடுவைத் தாண்டினால் ‘இன்னும் கொஞ்சத் தூரம்தானே’ என்று ஓட வேண்டாம். எஞ்சினின் அலுமினிய சிலிண்டர் தலை வளைந்தால் முழு எஞ்சின் செலவு.

கழுவுவதிலும் இதே கதை. நிலாவெளிக் கடற்கரையில் நிறுத்திவிட்டு வந்தால் அடிப்பக்கத்துக்கும் சில்லு வளைவுக்கும் குழாய்த் தண்ணீர் அடிக்க வேண்டும். உவர்த் தண்ணீரால் மேலே மட்டும் கழுவி, துடைக்காமல் வெயிலில் காயவிடுவது பெயின்றில் உப்புப் புள்ளி வைக்கும் வேலை.

மாரிக்கு முன்

கச்சான் காற்று வீசும் மாதங்களில் ரப்பர் காய்ந்து வெடிக்கும். ஐப்பசி, கார்த்திகையில் மழை பிடித்ததும் அதன் பலன் தெரியும். வேப்பமரத்து நிழல் நல்லதுதான், ஆனால் இலையும் பூவும் முன் கண்ணாடிக்குக் கீழே உள்ள தொட்டியில் சேர்ந்து வடிகாலை அடைத்துவிடும். சன்ரூஃபின் நான்கு மூலையிலும் இருக்கும் மெல்லிய வடிகுழாய்களும் அப்படித்தான். பிறகு தண்ணீர் கார்ப்பெட்டுக்குக் கீழே இறங்கும். பல மாடல்களில் அங்கேயும் டிக்கி ஓரத்திலும்தான் கணினிப் பெட்டிகளும் வயர் இணைப்புகளும் இருக்கின்றன. கண்ணாடி தானாக இறங்கும், ஹோர்ன் தானாக அடிக்கும். ‘செய்வினை’ என்று சொல்லும் அளவுக்குப் போகும். மழைக்கு முன் சன்ரூஃப் மூலையில் அரைக் கப் தண்ணீர் ஊற்றி, அது சில்லுப் பக்கம் வடிகிறதா என்று பார்த்தால் போதும்.

காலையில் காரின் ஒரு மூலை மட்டும் தாழ்ந்து நிற்பதும் கவனிக்க வேண்டியது. எயார் சஸ்பென்ஷன் உள்ள பென்ஸ்களில் அது காற்றுப்பை ரப்பர் கசிவதன் அடையாளம். ஸ்டார்ட் பண்ணினால் எழும்பிவிடுகிறதே என்று விட்டால், கொம்பிரஸர் ஓய்வில்லாமல் ஓடி எரியும். ஒரு செலவு இரண்டாகும்.

ஓடாமல் கெடுவது

வருடத்துக்கு மூவாயிரம் கிலோமீற்றர்கூட ஓடாத கார் என்றாலும் எஞ்சின் ஒயிலை வருடத்துக்கு ஒருமுறை மாற்ற வேண்டும். பிரேக் ஒயில் ஈரத்தை உறிஞ்சும். கடற்கரை ஊரில் இரண்டு வருடத்துக்கு மேல் விடக்கூடாது. டயரில் பட்டன் ஆழம் இருக்கிறது என்று ஏமாற வேண்டாம். பக்கச் சுவரில் உள்ள நான்கு இலக்கத்தைப் பாருங்கள்: 2316 என்றால் 2016ஆம் ஆண்டின் 23ஆவது வாரத்தில் செய்தது. அந்த டயரோடு ஏ6 வீதியில் நூறுக்கு மேல் மிதிப்பது தற்கொலை.

பிஎம்டபிள்யூ 520டி போன்ற டீசல் கார்களுக்கு டவுன் ஓட்டமே நோய். உப்புவெளியில் இருந்து மணிக்கூட்டுக் கோபுரம் வரை போய் வரும் ஓட்டத்தில், புகைக் கரியைப் பிடிக்கும் வடிகட்டியான புகைவடி (டிபிஎஃப்) தன்னைத் தானே எரித்துச் சுத்தம் செய்யும் சூடு வராது. இரண்டு வாரத்துக்கு ஒருமுறை சுமார் 40 கிலோமீற்றர் தள்ளியிருக்கும் கந்தளாய்க்குச் சீரான வேகத்தில் போய் வந்தால் புகைவடிக்கும் பற்றரிக்கும் நல்லது, குளக்கட்டில் காற்றும் வாங்கலாம். டீசல் என்றால் சுப்பர் டீசல்; பெற்றோல் என்றால் மூடியில் எழுதியபடி 95. அது எல்லா பெற்றோல் செட்டிலும் எந்நேரமும் இராது, தாங்கி பாதி இருக்கும்போதே அடித்துவிடுங்கள்.

கியர் ஒயிலுக்கு ‘ஆயுட்காலம் முழுவதும் மாற்றத் தேவையில்லை’ என்ற கதையை யார் சொன்னாலும் கேட்காதீர்கள். பல பிஎம்டபிள்யூக்களுக்குக் கியர்பொக்ஸ் செய்து கொடுக்கும் செட்எஃப் கம்பனியே 80,000 முதல் 1,20,000 கிலோமீற்றருக்குள் மாற்றச் சொல்கிறது.

ஊர் கராஜ்களில் கைராசிக்காரர்கள் இருக்கிறார்கள். ஆனால் சில வேலைகளுக்குக் கைராசி போதாது. 2006 வரை வந்த டபிள்யூ 211 வகை ஈ-கிளாஸின் எஸ்பிசி என்ற கணினி பிரேக், கதவைத் திறந்தாலே தானாக அழுத்தம் ஏற்றும். ஸ்கானரால் அதை முடக்காமல் பிரேக் பாட் மாற்றப் போனால் விரல் நசுங்கும். பிஎம்டபிள்யூவில் பற்றரி மாற்றினால் புதியது போட்டாயிற்று என்று கணினியில் பதிய வேண்டும். பதியாவிட்டால் பழைய பற்றரிக்கு ஏற்றபடி சார்ஜ் பண்ணி, புதியதின் ஆயுளைக் குறைக்கும். வேலை கொடுக்கும் முன் இந்த இரண்டையும் செய்ய உபகரணம் இருக்கிறதா என்று கேளுங்கள். கோபிப்பவரிடம் காரை விட வேண்டாம்.

பாகம் எடுக்கக் கொழும்பு பஞ்சிகாவத்தைக்குப் போகிறவர்கள் மாடல் பெயரை மட்டும் சொல்லி வாங்கி வந்து, பொருந்தாமல் திரும்பவும் பஸ் ஏறுகிறார்கள். எழுத்தும் இலக்கமுமாக 17 கொண்ட சேஸி நம்பரைக் கொடுத்துப் பாக எண்ணை எடுத்த பிறகுதான் காசு கொடுக்க வேண்டும். கதவுக் கண்ணாடி, லைட், சீட், உட்பக்கப் பிளாஸ்டிக் எல்லாம் செகண்ட்ஹேண்ட் தாராளமாக எடுக்கலாம். தண்ணீர் பம்ப், ஹோஸ், சஸ்பென்ஷன் காற்றுப்பை, பிரேக் சாமான்களைப் புதிதாகவே எடுங்கள். கழற்றி விற்கிற காரும் உங்களுடையதைப் போலவே வயது போனது.