கேமிங் கணினி நடுவில் முடங்கினால்: செய்யக் கூடாத சில வேலைகள்

பாகம் பாகமாக வாங்கி வீட்டிலேயே பூட்டிய கேமிங் கணினி, விளையாட்டு சூடுபிடிக்கும் நேரம் பார்த்து முடங்கும். உடனே பழி கிராபிக்ஸ் கார்டின் மேல் விழும். அதிகம் செலவழித்து வாங்கிய பொருள், சந்தேகமும் அதன் மேல்தான் முதலில் போகிறது. அடுத்தது விண்டோஸை அழித்துவிட்டு மறுபடி நிறுவுவது. ஒரு விடுமுறை நாள் அதில் போய்விடும்; மாலையில் கணினி மீண்டும் முடங்கும். இவற்றில் இறங்கும் முன் கணினி எப்படி முடங்குகிறது என்பதைக் கவனியுங்கள்.

விளையாட்டு மட்டும் மூடிக்கொண்டு டெஸ்க்டாப் தெரிவது ஒரு வகை. நீலத் திரை வருவது இன்னொரு வகை. சுவிட்சை அணைத்ததுபோலச் சட்டென்று இருண்டுபோவது மூன்றாவது. இந்த மூன்றாவது வகையில் பவர் சப்ளை, அதன் கேபிள்கள், அதிக வெப்பம் ஆகியவற்றையே முதலில் பார்க்க வேண்டும். கார்டை இயக்கும் மென்பொருளான டிரைவரை மாற்றி மாற்றி நிறுவிக்கொண்டிருப்பது வீண். நீலத் திரை என்றால் விண்டோஸ் தானாக மறுதொடக்கம் செய்து, படிப்பதற்குள் செய்தியை மறைத்துவிடும். சிஸ்டம் அமைப்புகளில் தானியங்கி மறுதொடக்கத்தை நிறுத்திவிட்டு அடுத்த முடக்கத்துக்குக் காத்திருங்கள்.

விண்டோஸின் நிகழ்வுப் பதிவேடான ஈவென்ட் வியூவரைத் திறப்பவர்கள் சிவப்புக் குறியுடன் 'கெர்னல்-பவர் 41' என்பதைப் பார்த்ததும், பவர் சப்ளைதான் கெட்டுவிட்டது என்று கடைக்கு ஓடுகிறார்கள். கணினி முறைப்படி அணைக்கப்படாமல் மீண்டும் தொடங்கியது என்பதைத் தவிர அந்தப் பதிவு பெரும்பாலும் எதுவும் சொல்வதில்லை. ஓடிக்கொண்டிருக்கும் கணினியின் பிளக்கைப் பிடுங்கினாலும் அதே 41தான் வரும். அதற்குச் சற்று முன்போ பின்போ 'டபிள்யூ.எச்.இ.ஏ.-லாகர்' என்ற பெயரில் ஏதாவது பதிவாகியிருக்கிறதா என்று தேடுங்கள். இருந்தால் வன்பொருளே புகார் செய்கிறது என்று பொருள்.

பிழைச்செய்தி எந்தப் பாகத்தைச் சொல்கிறதோ அதையே குற்றவாளியாக்குவதும் ஆபத்து. இன்டெலின் 13, 14ஆம் தலைமுறை டெஸ்க்டாப் பிராசசர்களின் கதை இதற்கு நல்ல பாடம். ஐ9-13900கே, 14900கே வைத்திருந்த பலருக்கு, அன்ரியல் என்ஜின் என்ற கேம் உருவாக்கும் மென்பொருளில் உருவான விளையாட்டுகள் 'வீடியோ நினைவகம் போதவில்லை' என்று சொல்லி மூடிக்கொண்டன. 24 ஜிபி நினைவகம் உள்ள கார்டிலும் அதே செய்தி. கார்டைக் கழற்றி மாற்றியவர்களுக்குப் பலன் கிடைக்கவில்லை. கோளாறு பிராசசரில் இருந்தது. பிராசசர் அளவுக்கு மீறிய மின்னழுத்தத்தைக் கேட்டு வாங்கிக்கொண்டிருந்ததை இன்டெல் 2024 ஜூலையில் ஒப்புக்கொண்டது. ஆகஸ்டிலும் செப்டம்பரிலும் அதைத் திருத்தும் மைக்ரோகோடு, அதாவது பிராசசரின் உள்கட்டளைத் தொகுப்பு, பயாஸ் வழியாக வந்தது. பாதிக்கப்பட்ட பிராசசர்களுக்கான வாரண்டி இரண்டு ஆண்டுகள் நீட்டிக்கப்பட்டது. இங்கேயும் ஒரு தவறு காத்திருக்கிறது: மதர்போர்டின் அடிப்படை மென்பொருளான பயாஸைப் புதுப்பித்தால் எல்லாம் சரியாகிவிடும் என்று நம்புவது. அந்த மைக்ரோகோடு நல்ல பிராசசரைக் காக்கும். ஏற்கெனவே சேதமானதைக் குணப்படுத்தாது. அப்படிப்பட்டதை வாரண்டியில் மாற்றத்தான் வேண்டும்.

என்னைக் கேட்டால், பாகங்களைச் சந்தேகிக்கும் முன் நாமே கூட்டி வைத்த வேகத்தைச் சந்தேகிக்க வேண்டும். ரேம் பெட்டியில் 6000 என்று அச்சிட்டிருந்தால் அந்த வேகம் எல்லாக் கணினியிலும் உறுதி என்று நினைக்கிறோம். எக்ஸ்.எம்.பி., எக்ஸ்போ என்று பயாஸில் நாம் ஒரு நொடியில் இயக்கும் ரேம் வேக வசதி உண்மையில் ஓவர்கிளாக்கிங், அதாவது அறிவித்த வேகத்துக்கு மேல் ஓட்டுவது. ரைசன் 7000 வரிசைக்கு ஏஎம்டி அறிவித்த வேகம் இரண்டு ரேம் போட்டால் 5200, நான்கு போட்டால் 3600 மட்டுமே. நாலு ஸ்லாட்டையும் நிரப்பிவிட்டு 6000இல் ஓட்டினால், முடங்குவதில் வியப்பில்லை. அந்த வசதியை அணைத்துவிட்டு இரண்டு நாள் விளையாடிப் பாருங்கள், காசு செலவில்லாத சோதனை இது. முடக்கம் நின்றால் பாதி விடை கிடைத்துவிட்டது. நிற்காவிட்டால் ரேமைச் சோதிக்கும் மெம்டெஸ்ட்86ஐ இரவு முழுக்க ஓட விடுங்கள். ஒரே ஒரு பிழை வந்தாலும் அது பிழைதான். இரண்டு ரேம் மட்டும் என்றால், பெரும்பாலான மதர்போர்டுகளில் பிராசசரிலிருந்து எண்ணி இரண்டாவது, நான்காவது ஸ்லாட்டுகளில் பூட்ட வேண்டும்.

பவர் சப்ளை விஷயத்தில் வாட் கணக்கைக் கூட்டிப் பார்த்துவிட்டு நிம்மதி அடைவது போதாது. கிராபிக்ஸ் கார்டு கண் இமைப்பதைவிடக் குறைந்த நேரத்துக்குத் தன் சராசரியைவிட மிக அதிகமாக மின்சாரத்தை இழுக்கும். அந்தத் துள்ளலைத் தாங்காத பவர் சப்ளை தன்னைக் காத்துக்கொள்ள அணைந்துவிடும். 2022இல் வந்த ஏ.டி.எக்ஸ். 3.0 என்ற பவர் சப்ளை விதிமுறை இதற்காகவே கூடுதல் தாங்குதிறனைக் கேட்கிறது. ஒரு 8 பின் இணைப்பின் கணக்கு 150 வாட். கார்டில் அப்படி இரண்டு இருந்தால், ஒரே கேபிளின் இரட்டைத் தலையைச் செருகாமல் இரண்டு தனிக் கேபிள்களை இழுங்கள். பழைய பவர் சப்ளையின் மாடுலர் (கழற்றி மாட்டும்) கேபிளைப் புதியதில் செருகவே கூடாது. பாகத்தில் செருகும் முனை ஒரே மாதிரி இருந்தாலும் பவர் சப்ளையில் செருகும் முனையின் பின் அமைப்பு மாறும், ஹார்டு டிஸ்க்கும் மதர்போர்டும் கருகிப்போகலாம். ஒரே நிறுவனத்தின் இரண்டு மாடல்களுக்கு இடையிலும் இந்த வேறுபாடு உண்டு.

வீட்டில் இன்வெர்ட்டர் இருந்தால் அதையும் பாருங்கள். மின்வெட்டின்போது பவர் சப்ளை தாக்குப்பிடிப்பது சுமார் 16 மில்லி விநாடி. பல இன்வெர்ட்டர்களில் யு.பி.எஸ். நிலைக்கு ஒரு தனி சுவிட்ச் இருக்கிறது. அது போடப்படாமல் இருந்தால் மின்சாரம் மாறும் இடைவெளியிலேயே கணினி அணைந்துவிடும். எத்தனை ரேம் மாற்றினாலும் இது தீராது.

வெப்பத்தைக் கண்டு அநாவசியமாக அலறவும் வேண்டாம். ரைசன் 7000 முழுப் பளுவில் 95 டிகிரி வரை போகும்படியே வடிவமைக்கப்பட்டது. எல்லையைத் தொட்டால் பிராசசர் முதலில் வேகத்தைத்தான் குறைக்கும். விளையாட்டு தொடங்கிய சில விநாடிகளிலேயே எல்லையைத் தொட்டால் மட்டும் கூலரைக் கழற்றிப் பாருங்கள். அடியில் பிளாஸ்டிக் தாள் அப்படியே ஒட்டியிருக்கலாம்.

ஒரே மாலையில் டிரைவர், பயாஸ், ரேம் எல்லாவற்றையும் மாற்றினால் எது தீர்வு என்று தெரியாமலேயே போகும். ஒன்றை மாற்றி, அதே விளையாட்டின் அதே கட்டத்தில் சோதித்து, எழுதி வையுங்கள். முடங்கும் நிலையில் இருக்கும் கணினியில் பயாஸைப் புதுப்பிப்பதாக இருந்தால், எல்லா வேகக் கூட்டலையும் அணைத்துவிட்டே தொடங்குங்கள். பாதியில் நின்றால் மதர்போர்டும் போய்விடக்கூடும்.

கடைசியில் மதர்போர்டையே வாரண்டிக்கு அனுப்ப நேர்ந்தால், பிராசசர் சாக்கெட்டை மூடியிருந்த பிளாஸ்டிக் மூடியைத் தேடி எடுத்து மாட்டி அனுப்புங்கள். சாக்கெட்டின் மெல்லிய பின்கள் வளையாமல் காப்பது அந்த மூடிதான்; பின்கள் வளைந்து வரும் போர்டைச் சேவை மையம் பெரும்பாலும் வாரண்டியில் ஏற்காது.