குளிர்காலத்தில் அயர்லாந்து கோட்டை: குன்னூர்க்காரனின் சில யோசனைகள்

நம் ஊர்ப் பிள்ளைகள் அயர்லாந்தில் நர்ஸ் வேலைக்குப் போனதிலிருந்து அப்பா, அம்மாக்களும் அங்கே போய்வருகிறார்கள். ஜனவரியில் போய் என்ன பார்ப்பது என்று கேட்பவர்களுக்கு நான் சொல்வது கஹிர் கோட்டை. அங்கே குளிர்காலத்தில் பூட்டிவிடும் கோட்டைகளும் உண்டு. கஹிர், கிறிஸ்துமஸ் விடுமுறை தவிர வருஷம் முழுக்கத் திறந்திருக்கும். டப்ளினிலிருந்து கார்க் போகும் வழியில், டிப்பரரி மாவட்டத்தில், ஷூர் ஆற்றின் நடுவே ஒரு பாறைமேல் நிற்கிறது. எதற்கும் கிளம்பும்முன் அன்றைய நேரத்தை இணையத்தில் பார்த்துவிடுங்கள்.

விசா விஷயத்தில் ஒன்று. ஐரோப்பிய நாடுகள் பலவற்றுக்கும் பொதுவான ஷெங்கன் விசா அங்கே செல்லாது, அயர்லாந்து விசா தனி.

குளிர் நமக்குப் புதுசா என்ற மிதப்பு மலைக்காரர்களுக்கு உண்டு. ஊட்டியில் உறைபனி விழுந்த காலையிலும் பத்து மணிக்கு வெயில் முதுகைச் சுடும். அங்கே அந்த வெயிலை நம்பக் கூடாது. ஐந்தாறு டிகிரிதான் இருக்கும், ஆனால் காற்றில் ஈரம். கோட்டைக்குள் போனால் கல்லே குளிரைக் கக்கும். ஸ்வெட்டருக்கு மேல் மழைக்கோட்டு கட்டாயம். குடையைக் காற்று திருப்பிவிடும், வீட்டிலேயே வையுங்கள். மங்கி குல்லா போடக் கூச்சப்பட வேண்டாம், யாரும் நம்மைப் பார்க்கப்போவதில்லை. புடவை கட்டுபவர்கள் அன்றைக்கு மட்டும் சுடிதாருக்கு மாறலாம். சுழல் படிகள் குறுகல், ஈரத்தில் வழுக்கும். ஏற இரண்டு கையும் வேண்டும்.

காலையிலேயே உள்ளே போய்விடுங்கள். ஜனவரி தொடக்கத்தில் நாலரை மணிக்கெல்லாம் பொழுது சாய்ந்துவிடும். கடைசி அனுமதி அதற்கும் முன்பே முடியும்.

கூட்டமில்லாத காலத்தின் லாபம் உள்ளேதான் தெரியும். வாசலில் மேலிருந்து இறங்கும் கிராதிக் கதவு இருக்கிறது. அதன் அடியில் நின்று அண்ணாந்து பாருங்கள், பின்னாலிருந்து யாரும் தள்ள மாட்டார்கள். எதிரி முதல் வாசலைத் தாண்டியதும் இதை இறக்கி அடைத்துவிட்டால், அவன் நாலு சுவருக்குள் மாட்டிக்கொள்வான். அப்புறம் மேலேயிருந்து அடிதான். அப்படியும் 1599இல் இங்கிலாந்துப் படைத்தலைவர் எஸ்ஸெக்ஸ் பிரபு பீரங்கியோடு வந்து சில நாளில் கோட்டையைப் பிடித்தார். அன்று பாய்ந்த குண்டு ஒன்று இன்னும் சுவரில் பதிந்திருக்கிறது, தேடிப் பாருங்கள். 1650இல் இன்னொரு இங்கிலாந்துப் படைத்தலைவர் கிராம்வெல் வந்தபோது சண்டையே போடாமல் சாவியைக் கொடுத்துவிட்டார்கள். கோழைத்தனம் என்பவர்கள் சொல்லட்டும், சுவர் இடியாமல் நமக்கு மிஞ்சியது அதனால்தான். பெரிய கூடத்தில் மாட்டியிருக்கும் கொம்பு, எப்போதோ அழிந்துபோன ராட்சத மானுடையது. நம் கடமான் கொம்பு அதன் பக்கத்தில் குச்சி.

படி ஏற முடியாதவர்கள் கீழே முற்றத்தோடு நிறுத்திக்கொள்ளலாம், அதிலேயே பாதிக் கோட்டை தெரியும்.

வெளியே வந்ததும் ஊருக்குள் சூடாக சூப்பும் பழுப்பு ரொட்டியும் சாப்பிடுங்கள். டீ ஃபாக்டரியில் காலம் தள்ளியவன் என்பதால் டீ பற்றியும் சொல்லிவிடுகிறேன். அயர்லாந்துக்காரர்கள் போடுவது நல்ல ஸ்ட்ராங்கான டீ, பால் தனியாக வரும். நம் நீலகிரி டீயின் வாசனை அதில் இராது, ஆனால் அந்தக் குளிருக்கு அதுதான் சரி.

ரயிலை நம்பாதீர்கள். கஹிருக்கு ஒன்றிரண்டு வண்டிதான், ஞாயிறு அதுவும் இல்லை. பஸ்ஸில் போய், திரும்பும் பஸ் நேரத்தை இறங்கும்போதே குறித்துக்கொள்ளுங்கள்.